முந்தையதைப் போல் இல்லாத அடுத்த விளையாட்டு: ரசிகர்களின் எதிர்பார்ப்பை ஒரு சிறிய ஸ்டூடியோ எப்படிக் கையாளலாம்

மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியிலோ ஜார்ஜ்டவுனில் ஒரு வாடகை அறையிலோ அமர்ந்து, நான்கைந்து பேர் கொண்ட ஒரு ஸ்டூடியோ யாரும் கேட்காத ஒரு விசித்திரமான கணினி விளையாட்டை உருவாக்குகிறது. அது எப்படியோ நாடு தாண்டிப் பல ஆயிரம் பேரைச் சென்றடைகிறது. அதுவரை அவர்களிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. இரண்டாவது விளையாட்டைத் தொடங்கும் நாளிலோ, ரசிகர்கள் கூடிப் பேசும் அரட்டைத் தளமான டிஸ்கார்டில் நூற்றுக்கணக்கானோர் காத்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் மனத்திலும் அந்த விளையாட்டு ஏற்கெனவே பாதி உருவாகிவிட்டது. ஸ்டூடியோவின் மனத்தில் இருப்பதோ முற்றிலும் வேறொன்று. அந்த இடைவெளியை எப்படிக் கையாளலாம் என்பதைப் பற்றியதே இக்கட்டுரை. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இத்துறையில் இறங்கியுள்ள தமிழ் இளைஞர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரிசோதனை முயற்சிகளில் ஈடுபடும் ஸ்டூடியோவுக்கு இரண்டு வகை ரசிகர்கள் இருப்பார்கள். ஒரு சாரார் அந்தக் குறிப்பிட்ட விளையாட்டை விரும்பியவர்கள். மறு சாரார் நீங்கள் ஒன்றை உருவாக்கும் விதத்தை விரும்பியவர்கள். முதல் சாராரை ஏமாற்றாமல் வழியனுப்புவதும், இரண்டாம் சாராருக்கு நீங்கள் இன்னும் அதே ஆட்கள்தான் என்பதை உணர்த்துவதும் வெவ்வேறு வேலைகள். ஒரே டிரெய்லரில், ஒரே அறிவிப்பில் இரண்டையும் செய்ய முனையும்போதுதான் பெரும்பாலான மனக்கசப்பு உண்டாகிறது.

எதிர்பார்ப்பை அளந்து பாருங்கள்

டிஸ்கார்டில் ஓயாமல் பேசுகிறவர்களை வைத்து ரசிகர்களின் மனத்தை அறிய முற்படாதீர்கள். அங்கே தினமும் எழுதுகிறவர்கள் உங்களுக்கு நண்பர்களாகிவிட்டவர்கள். நீங்கள் என்ன வெளியிட்டாலும் வாங்குவார்கள், குறையிருந்தால் மென்மையாகச் சொல்வார்கள். உண்மையான பதிவேடு, கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் உங்கள் முந்தைய விளையாட்டுக்கு வந்த விமர்சனங்கள்தான். ஒவ்வொரு விமர்சனத்தின் மேலும் அதை எழுதியவர் எழுதும் நேரத்தில் எத்தனை மணி நேரம் விளையாடியிருந்தார் என்பது காட்டப்படுகிறது. இந்த ஒரு தகவல் விமர்சனத்தின் சொற்களைவிடப் பல நேரங்களில் அதிகம் சொல்லிவிடும்.

ஒரு விரிதாளைத் திறந்து நான்கு பத்திகளை அமைத்துக்கொள்ளுங்கள்: விளையாடிய நேரம், எதிர்பார்த்தது, கிடைத்தது, அந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது. பாதகமான விமர்சனங்களை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டு, ‘நான் நினைத்தது’, ‘இது ஒரு … என்றிருந்தேன்’ என்ற தொனியில் வரும் வாக்கியங்களை அதில் நிரப்புங்கள். ஒரு வரி இப்படி அமையலாம்: ஒன்றரை மணி நேரம், பேய்க்கதை, குடும்பச் சண்டை, டிரெய்லரின் கடைசி ஐந்து நொடி. இத்தகைய வரிகள் முப்பது நாற்பது சேர்ந்தவுடன், நான்காம் பத்தியில் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். அந்த எதிர்பார்ப்பை ரசிகர்கள் வானத்திலிருந்து பிடித்து வரவில்லை. உங்கள் ஸ்டோர் பக்கமோ டிரெய்லரோ நேர்காணலோதான் அதை அவர்கள் கையில் கொடுத்திருக்கிறது. அடுத்த விளையாட்டில் நீங்கள் மாற்ற வேண்டியது விளையாட்டையா அல்லது அதை அறிமுகப்படுத்தும் முறையையா என்பதை இந்தப் பத்தியே தீர்மானிக்கும். சாதகமான விமர்சனங்களையும் இதேபோல் படியுங்கள். ஆனால் அவற்றில் தேட வேண்டியது வேறு. பாராட்டுகிறவர் கதாபாத்திரத்தின் பெயரைச் சொல்கிறாரா, ஸ்டூடியோவின் பெயரைச் சொல்கிறாரா என்று பாருங்கள். அவர் எந்தச் சாரார் என்பது அதில் தெரிந்துவிடும்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கைச் சேர்ந்த கைகன் கேம்ஸ் குழுவினரின் தொடக்கம், 2016இல் வெளிவந்த ‘சாரா இஸ் மிஸ்ஸிங்’ என்ற சிறு விளையாட்டு. கண்டெடுத்த ஒரு கைப்பேசியின் குறுஞ்செய்திகளையும் படங்களையும் துழாவி, அதன் உரிமையாளருக்கு என்ன ஆனது என்று கண்டறிவதே அதன் உள்ளடக்கம். அடுத்த ஆண்டு வந்த ‘சிமுலாக்ரா’ அதே கைப்பேசி உத்தியை விரித்துப் பெரிதாக்கியது. 2019இலும் 2022இலும் அதன் அடுத்தடுத்த பாகங்கள் வந்தன. கதையும் மனிதர்களும் பாகத்துக்குப் பாகம் மாறினாலும் திரையையே கைப்பேசியாக மாற்றும் உத்தி மாறவில்லை. ரசிகர்கள் எதைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதை அறிந்து அதை வைத்துக்கொண்டு, மற்றதை மாற்றும் வழி இது. எல்லா ஸ்டூடியோக்களுக்கும் இது பொருந்தாது. உத்தியையே மாற்ற விரும்புகிறவர்களுக்கு வேலை இன்னும் கடினம். இனி வருபவை பெரும்பாலும் அவர்களுக்கானவை.

ஸ்டோர் பக்கத்தில் எதை எழுத வேண்டும்

பணம் கைமாறும் இடம் ஸ்டோர் பக்கம். நேர்காணலில் நீங்கள் எவ்வளவு நேர்மையாகப் பேசியிருந்தாலும், வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அந்த நேர்காணலைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே ‘இது முந்தையதைப் போன்றதன்று’ என்ற செய்தி ஸ்டோர் பக்கத்தில், மேலே, கண்ணில் படும் இடத்தில் இருந்தாக வேண்டும். விற்பனை குறையுமே என்ற அச்சத்தில் இதைக் கீழே புதைப்பவர்கள், அந்த விற்பனையைப் பாதகமான விமர்சனங்களாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

திகில் விளையாட்டுக்குப் பெயர்பெற்ற ஒரு பினாங்கு ஸ்டூடியோ அடுத்து அமைதியான ஒரு கதை விளையாட்டை வெளியிடுவதாக வைத்துக்கொள்வோம். அதன் அறிமுகம் இப்படி இருக்கலாம்: ‘இது திகில் விளையாட்டு அன்று. எங்கள் முந்தைய விளையாட்டில் இருந்ததைப் போன்ற துரத்தல்கள் இதில் இல்லை. ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய அச்சகத்தில் எழுத்துகளைக் கோத்தபடி, வந்துபோகிறவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்கிறீர்கள். யார் சொல்வது பொய் என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும்.’ இதில் நான்கு வேலைகள் நடந்திருக்கின்றன: இல்லாதது சொல்லப்பட்டது, செய்ய வேண்டியது சொல்லப்பட்டது, பழைய ரசிகரை ஈர்க்கக்கூடிய ஒரே ஒற்றுமையான ஐயமும் துப்பறிதலும் காட்டப்பட்டது, நீளம் மறைக்கப்படவில்லை.

நீளத்தைச் சொல்வதை வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2015இலிருந்து ஸ்டீமில், வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் காரணம் எதுவானாலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பரிசோதனை விளையாட்டுகள் பல அந்த 2 மணி நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடுபவை. ஒருவர் முழுவதையும் விளையாடி முடித்துவிட்டு, பாராட்டி எழுதிவிட்டுக்கூடப் பணத்தைத் திரும்பப் பெற முடியும். அதைக் கண்டு விளையாட்டைச் செயற்கையாக நீட்டாதீர்கள். நீட்டிய இடம் ஒவ்வொரு விமர்சனத்திலும் சுட்டப்படும். விலையைக் குறைத்து, நீளத்தை வெளிப்படையாகச் சொல்லுங்கள். குறுகிய விளையாட்டு என்று தெரிந்தே வாங்கியவர் பணத்தைத் திரும்பக் கேட்பது குறைவு என்பதே என் அனுபவம். ‘ஸ்டான்லி பேரபிள்’ விளையாட்டின் நகைச்சுவையால் புகழ்பெற்ற டேவி ரெடன், 2015இல் ‘தி பிகினர்ஸ் கைட்’ என்ற குறுகிய, உள்ளத்தைப் பிசையும், சிரிப்பே இல்லாத விளையாட்டை வெகு சில நாள் முன்னறிவிப்புடன் வெளியிட்டார். நீண்ட விளம்பரக் காலம் இல்லாததால், தவறான எதிர்பார்ப்பு வளரவும் அதிகக் காலம் கிடைக்கவில்லை. புகழ் உள்ளவருக்குக் கைகூடிய உத்தி இது. விஷ்லிஸ்ட்டை, அதாவது பிறகு வாங்குவதற்காக ரசிகர்கள் குறித்துவைக்கும் பட்டியலை, நம்பி வாழும் சிறிய ஸ்டூடியோ இதை அப்படியே எடுத்தாள முடியாது.

டிரெய்லரைப் பற்றி ஒன்று மட்டும். கோலாலம்பூரின் மெட்ரோனோமிக் 2020இல் வெளியிட்ட ‘நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்’ இசையை மையமாகக் கொண்டது; எதிரிகள் இசைக்கேற்பத் தாக்குவார்கள், ஆனால் அடிப்படையில் அது அதிரடி விளையாட்டு. இசை என்றவுடன் தாளம் தப்பாமல் பொத்தானைத் தட்டும் வகையைத்தான் பலரும் நினைத்துக்கொள்வார்கள். இப்படி இரு வகைகளுக்கு நடுவே நிற்கும் விளையாட்டுக்கு, டிரெய்லரின் முதல் பத்து நொடியில் விளையாடுகிறவரின் கை என்ன செய்கிறது என்பது தெரிய வேண்டும். அழகான காட்சிகள் பிறகு வரட்டும். விளையாட்டின் வகையைக் குறிக்க ஸ்டோர் பக்கத்தில் சேர்க்கும் டேக்குகளையும் அதே கண்ணோடு தேர்ந்தெடுங்கள். கூட்டம் அதிகம் என்பதற்காகப் பொருந்தாத டேக் ஒன்றைச் சேர்த்தால், தவறான ஆட்களை நீங்களே கூவி அழைப்பதாகிவிடும்.

வாய் தவறிய வாக்குறுதி

இங்கிலாந்தின் ஹெலோ கேம்ஸ், ‘நோ மேன்ஸ் ஸ்கை’ விளையாட்டை 2013 டிசம்பரில் முதன்முதலில் காட்டியது. ஒரு சிறிய குழு, எல்லையற்றது போல் விரியும் பிரபஞ்சம், உலகமே வியந்தது. மற்ற விளையாட்டாளர்களைச் சந்திக்க முடியுமா என்று கேட்கப்பட்டபோதெல்லாம், முடியும், ஆனால் அதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்ற பொருளில் ஸ்டூடியோவின் தலைவர் ஷான் மரே பதில் சொல்லிவந்தார். 2016 ஆகஸ்டில் விளையாட்டு வெளிவந்த கையோடு இருவர் ஒரே கோளின் ஒரே இடத்தில் நின்று ஒருவரையொருவர் தேடிப் பார்த்தார்கள், பார்க்க முடியவில்லை. அங்கிருந்து கிளம்பிய கோபம் பல மாதம் ஓயவில்லை. ஸ்டீம் பக்கம் மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்ற புகார்கள் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் வரை சென்றன. ஆணையம் அந்த ஆண்டு நவம்பரில் விதிமீறல் இல்லை என்று தீர்ப்பளித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு ரசிகர்களிடம் எதையும் மாற்றவில்லை. அவர்களை மாற்றியது, ஸ்டூடியோ பேச்சைக் குறைத்துக்கொண்டு வெளியிட்டுவந்த இலவச அப்டேட்டுகள்தாம். 2016 நவம்பரில் முதல் பெரிய அப்டேட் வந்தது. ஒருவரையொருவர் பார்த்துச் சேர்ந்து விளையாடும் வசதி 2018 ஜூலையில்தான் முழுமையாக வந்தது.

இதிலிருந்து ‘பேசாமல் இருங்கள்’ என்ற பாடத்தைப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். என் பார்வையில் பாடம் வேறு: கேள்விக்கு அந்த நேரத்தில் கைவசம் உள்ள பதிப்பை வைத்துப் பதில் சொல்லுங்கள், மனத்தில் உள்ள பதிப்பை வைத்துச் சொல்லாதீர்கள். ஏர்லி ஆக்சஸில், அதாவது முழுமையடையும் முன்பே, விற்கிறவர்களுக்கு ஸ்டீமின் வழிகாட்டுதலே, எதிர்காலத்தில் வரவிருப்பவை குறித்துத் திட்டவட்டமான வாக்குறுதிகளைத் தர வேண்டாம் என்றும், இப்போது இருக்கும் நிலையை வைத்தே வாங்குகிறவர் முடிவெடுக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஏர்லி ஆக்சஸ் இல்லாத விளையாட்டுக்கும் இதையே விதியாக வைத்துக்கொள்வதில் தவறில்லை.

நம்மவர்களிடம் இது பெரும்பாலும் சறுக்குவது எழுத்தில் அன்று, நேர்ப் பேச்சில். லெவல் அப் கேஎல் போன்ற விளையாட்டுத் துறை நிகழ்ச்சியில் உங்கள் மேசைக்கு ஒரு கல்லூரி மாணவர் வருகிறார். பத்து நிமிடம் விளையாடிவிட்டு, ‘அண்ணே, இதுல ரெண்டு பேரு சேர்ந்து விளையாட முடியுமா?’ என்று ஆசையாகக் கேட்கிறார். முகத்தை முறிக்க மனமில்லாமல், ‘பார்க்கலாம் தம்பி, எண்ணம் இருக்கு’ என்று சொல்லத் தோன்றும். சொன்னவருக்கு அது மறுப்பு. கேட்டவருக்கோ அது ஒப்புதல். அன்று மாலையே ‘இருவர் விளையாடும் வசதி வரப்போகிறது, ஸ்டூடியோவே சொன்னது’ என்று டிஸ்கார்டில் செய்தி வந்துவிடும். ‘இல்ல தம்பி, இது ஒருத்தர் மட்டும் விளையாடுறதுதான். மாறினா ஸ்டோர் பக்கத்துல போடுவோம்’ என்பதே போதும். மேசையில் நிற்கும் எல்லாரும், உதவிக்கு வந்த உறவுக்காரப் பையன் உட்பட, இந்த ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் பத்துக் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் ஒரு தாளில் எழுதி எல்லாரிடமும் கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு கசிவுக்கும் இடமுண்டு. மின்னிலக்கத் துறைக்கான அரசு நிறுவனமான எம்டெக் போன்ற அமைப்பிடமோ வெளியீட்டு நிறுவனத்திடமோ நிதி பெறும்போது, எந்தக் காலாண்டில் எது முடியும் என்று அட்டவணை கொடுத்திருப்பீர்கள். அது நிதி தருகிறவருக்கான ஆவணம். அதில் உள்ள தேதியை ஒரு முகநூல் பதிவில் மகிழ்ச்சி பொங்கப் பகிர்ந்துவிட்டால், அது ரசிகர்களுக்குத் தந்த வாக்காக மாறிவிடும். பிறகு அட்டவணையை நிதி தந்தவரே தள்ளிவைக்க ஒப்புக்கொண்டாலும் ரசிகர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

தேதியும் மௌனமும்

எவ்வளவு காலம் எடுக்கும் என்பதைச் சொல்வதா, சொல்லாமல் இருப்பதா? இதில் மூன்று ஸ்டூடியோக்கள் மூன்று விதமாக நடந்துகொண்டிருக்கின்றன. மூன்றும் ஓரளவு வென்றிருக்கின்றன, ஆனால் மூன்றையும் நாம் பின்பற்ற முடியாது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சேர்ந்த டீம் செர்ரி, 2017இல் ‘ஹாலோ நைட்’ விளையாட்டை வெளியிட்டது. கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தில் ஆதரவு தந்தவர்களுக்கு உறுதியளித்த கூடுதல் கதாபாத்திரப் பகுதி வளர்ந்து தனி விளையாட்டாகி, 2019 பிப்ரவரியில் ‘சில்க்சாங்’ என்ற பெயரில் அறிவிக்கப்பட்டது. பிறகு நீண்ட மௌனம். 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட்டின் நிகழ்ச்சியில், அடுத்த 12 மாதத்தில் விளையாடக் கிடைப்பவை என்ற வரிசையில் அது காட்டப்பட்டது. அக்காலம் முடியும் தறுவாயில், 2023 மே மாதத்தில், தள்ளிப்போகிறது என்றார்கள். இறுதியில் வெளியீட்டுக்கு இரண்டு வாரம் முன்பு தேதியைச் சொல்லி, 2025 செப்டம்பர் 4 அன்று வெளியிட்டபோது ஸ்டீம் உள்ளிட்ட கடைகளே கூட்டம் தாங்காமல் தடுமாறின. காத்திருந்தவர்களின் புலம்பலும் கேலியும் அந்த ஆறு ஆண்டுகளும் இலவச விளம்பரமாக அமைந்தன. இதைக் காட்டி ‘நாமும் மௌனமாக இருப்போம்’ என்கிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: முதல் விளையாட்டு மில்லியன் கணக்கில் விற்றதால்தான் அவர்களால் அவசரமின்றிக் காத்திருக்க முடிந்தது, ரசிகர்களும் மறக்காமல் இருந்தார்கள். சில ஆயிரம் பிரதிகள் விற்ற ஸ்டூடியோ இரண்டு ஆண்டு மௌனம் காத்தால், ரசிகர் கோபப்பட மாட்டார்; மறந்துவிடுவார். கோபத்தைவிட அது மோசம்.

டோபி ஃபாக்ஸின் வழி வேறு. ‘அண்டர்டேல்’ 2015இல் பெற்ற புகழுக்குப் பிறகு, 2018 அக்டோபர் 31 அன்று ‘டெல்டாரூன்’ விளையாட்டின் முதல் அத்தியாயத்தை இலவசமாக வெளியிட்டு, இது அண்டர்டேலின் உலகமன்று என்பதையும், முடிக்கப் பல ஆண்டுகள் ஆகலாம் என்பதையும் உடனே நீளமாக எழுதி விளக்கினார். மீதியை ஒன்றாகவே வெளியிடும் எண்ணம் முதலில் இருந்தது. பின்னர் 2021இல் இரண்டாம் அத்தியாயத்தையும் இலவசமாகத் தந்து, அடுத்த மூன்று அத்தியாயங்களைச் சேர்த்து விற்கப்போவதாகச் சொன்னார். அதுவும் மாறி, மூன்றாம் நான்காம் அத்தியாயங்கள் 2025 ஜூனில் விற்பனைக்கு வந்தன. வாங்கியவர்களுக்கு எஞ்சிய அத்தியாயங்கள் கூடுதல் கட்டணமின்றிக் கிடைக்கும் என்றார். திட்டம் இரண்டு முறை மாறியும் ரசிகர்கள் கொதித்தெழவில்லை. மாற்றம் வரும் முன்பே அவர் வாயாலேயே கேட்டிருந்தார்கள் என்பதும், அதற்குள் கையில் ஏதோ ஒன்று கிடைத்திருந்தது என்பதும் அதற்குக் காரணம்.

மூன்றாவது ‘கென்டக்கி ரூட் ஸீரோ’. அதன் ஐந்து அங்கங்களில் முதலாவது 2013 ஜனவரியில் வந்தது. ஐந்தாவது 2020 ஜனவரியில்தான் முடிந்தது. முன்பணமாக முழு விளையாட்டையும் வாங்கியவர்கள் ஏழு ஆண்டு காத்திருந்தார்கள். இடையிடையே அந்தக் குழு இலவசமாகச் சில சிறிய இடைக்காட்சிகளை வெளியிட்டது. அவை ஒவ்வொன்றும் தனித்து நிற்கக்கூடிய பரிசோதனைகள். காத்திருக்கிறவருக்கு ‘நாங்கள் உழைத்துக்கொண்டிருக்கிறோம்’ என்ற அறிக்கையைவிட, பதினைந்து நிமிடத்தில் முடியும் ஒரு சிறு படைப்பு கூடுதல் நம்பிக்கையைத் தரும்.

நம் அளவிலான ஸ்டூடியோவுக்கு நான் பரிந்துரைப்பது இரண்டாவதும் மூன்றாவதும் கலந்த வழி. ஆண்டைக்கூடச் சொல்லாதீர்கள், ஆனால் அடுத்து எப்போது பேசுவீர்கள் என்பதைச் சொல்லுங்கள். ‘தைப்பூசத்துக்குப் பிறகு அடுத்த தகவல்’ என்பது காப்பாற்றக்கூடிய வாக்கு. ‘தீபாவளிக்கு வெளியீடு’ என்பது பெரும்பாலும் காப்பாற்ற முடியாத வாக்கு. சொன்ன நாளில் பேச எதுவும் இல்லையென்றால், ஒன்றும் இல்லை என்பதையே மூன்று வரியில் எழுதிவிட்டு, அடுத்த நாளைக் குறியுங்கள். விளையாட்டின் போக்கே மாறிவிட்டால், ஒரு கதாபாத்திரத்தையோ ஒரு பகுதியையோ கைவிட்டால், அந்தச் செய்தியை நீங்கள் குறித்த நாள்வரை தள்ளிவைக்காதீர்கள்; அன்றே சொல்லுங்கள். ரசிகர்கள் ஒருபுறம் வரைந்துகொண்டும் கதை பின்னிக்கொண்டும் இருக்கிற ஒரு கதாபாத்திரம் இல்லை என்பதை வெளியீட்டு நாளில் அவர்களே கண்டுபிடிப்பது போல் கசப்பானது வேறில்லை.

வீட்டு ரசிகர்கள்

தமிழர் ஒருவர் நடத்தும் ஸ்டூடியோ என்று தெரிந்தவுடன் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்தும் பட்டர்வொர்த்திலிருந்தும், தமிழகத்திலிருந்தும்கூட ஒரு தனி எதிர்பார்ப்பு உருவாகும்: விளையாட்டு தமிழில் வருமா, நம் வாழ்க்கை அதில் இருக்குமா? இது அன்பிலிருந்து வருவது. ஆகவே இதற்குத் தவறான பதில் சொன்னால் விளையும் வருத்தமும் ஆழமானது. தமிழ்ப் பதிப்புக்கு ஆசைப்பட்டு வாக்குக் கொடுக்கும் முன், விளையாட்டை உருவாக்க நீங்கள் பயன்படுத்தும் எஞ்சின் மென்பொருளில் ஒரே ஒரு சொல்லைத் தட்டிப் பாருங்கள்: ‘பொம்மை’. யூனிட்டி எஞ்சினில் பெரும்பாலோர் பயன்படுத்தும் எழுத்துக் கருவியான டெக்ஸ்ட்மெஷ் புரோ, தமிழ் எழுத்துகளுக்குத் தேவையான வடிவமாற்றத்தைத் தானாகச் செய்வதில்லை. ஒற்றைக் கொம்பு பகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், இணைக்கொம்பு மகரத்தைத் தாண்டி அலையும். கூடுதல் கருவியைச் சேர்த்தோ எழுத்துருவை மாற்றியமைத்தோ இதைச் சரிசெய்யலாம், ஆனால் அது வாரக்கணக்கான வேலை. கோடோ 4 என்ற எஞ்சினில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. சோதித்துப் பார்த்த பிறகே பேசுங்கள். இயலாது என்றால், ‘முதல் வெளியீட்டில் தமிழ் இல்லை, காரணம் இது’ என்று தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதிய மறுப்பு இரண்டு மடங்கு வலிக்கும்.

மொழிபெயர்ப்பை அவசரமாகச் சேர்ப்பதும் ஆபத்தே. சில்க்சாங்கின் எளிமையாக்கப்பட்ட சீன மொழிபெயர்ப்பு அதீதப் பழமைநடையில் இருக்கிறது என்று சீன விளையாட்டாளர்கள் பாதக விமர்சனங்களைக் குவித்தார்கள். ஸ்டூடியோ திருத்துவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. அதற்குச் சில வாரம் முன்புதான் ஸ்டீம், மொழிவாரியாக விமர்சன மதிப்பீட்டைத் தனித்துக் காட்டத் தொடங்கியிருந்தது. ஆகவே ஒரு மொழியில் செய்த அரைகுறை வேலை இனி அந்த மொழிக்காரர்களின் கண்ணில் நேரடியாகப் படும்.

வெளியீட்டு இரவு

ஸ்டீமில் பெரும்பாலான வெளியீடுகள் நடக்கும் அமெரிக்க மேற்குக்கரைக் காலை 10 மணி, நமக்குப் பின்னிரவு 1 மணி. அவர்களின் குளிர்காலத்தில் 2 மணி. விடிவதற்குள் முதல் ஐம்பது விமர்சனங்கள் வந்து, விளையாட்டைப் பற்றிய பேச்சின் தொனி அமைந்துவிட்டிருக்கும். யார் விழித்திருப்பது என்பதை முன்கூட்டியே முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். ஊரே தூங்கும் நேரத்தில் மாமாக் கடையில் தே தாரேக்கோடு அமர்ந்து கைப்பேசியில் பதில் எழுதுவது தவிர்க்க வேண்டிய பழக்கம், ஏனெனில் களைப்பில் எழுதிய பதில்தான் படம் பிடிக்கப்பட்டுப் பரவும். நேரத்தை நீங்களே தேர்ந்தெடுக்கவும் முடியும். நம் மாலை 6 மணிக்கு வெளியிடும் ஸ்டூடியோக்கள் தூக்கத்தை இழப்பதில்லை. முதல் அலையில் அமெரிக்கக் கூட்டத்தைக் கொஞ்சம் இழக்கலாம். நான் தூக்கத்தின் பக்கம்.

அந்த முதல் நாட்களில், விளையாட்டு பழுதானது என்கிறவருக்கும் விளையாட்டு வேறு மாதிரி இருக்கிறது என்கிறவருக்கும் ஒரே பதிலைச் சொல்லாதீர்கள். முதலாமவருக்குப் பழுது நீக்கும் வேலை நடக்கிறது என்று சொல்ல வேண்டும். இரண்டாமவரிடம் வாதாட வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். அவர் விரும்பியது முந்தைய விளையாட்டில் இன்னும் இருக்கிறது, இது வேறு முயற்சி என்று ஒரு முறை மரியாதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அவர் எழுதியதை மட்டும் உங்கள் விரிதாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஸ்டோர் பக்கத்துக்கு அது வேண்டும்.

அடுத்த பாகம் கேட்கிறவர்களுக்கு

எவ்வளவு விளக்கினாலும், முந்தைய விளையாட்டின் அடுத்த பாகத்தைக் கேட்கிறவர்கள் இருந்துகொண்டே இருப்பார்கள். அதை எடுக்கப்போவதில்லை என்று முடிவெடுத்திருந்தால், நம்பிக்கையைத் தொங்கவிடாமல் சொல்லிவிடுவதே நல்லது. பணநெருக்கடியில் ஒருவேளை எடுக்க வேண்டி வரலாம் என்று தோன்றினால், ‘இப்போது அந்த வேலை நடக்கவில்லை’ என்பதே போதுமான, உண்மையான வாக்கியம். ‘ஒருபோதும் இல்லை’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு மூன்று ஆண்டு கழித்துத் திரும்பிய ஸ்டூடியோவைப் பணத்தாசை பிடித்தது என்றுதான் பேசுவார்கள்.

டிஸ்கார்டையும் அதற்கேற்பப் பிரித்து வையுங்கள். ஸ்டூடியோவின் பெயரில் ஒரு சர்வர் இருக்கட்டும், முந்தைய விளையாட்டின் பெயரில் இருக்க வேண்டாம். ஏற்கெனவே விளையாட்டின் பெயரில் இருந்தால், புதியதை அறிவிக்கும் நாளுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே பெயரை மாற்றிவிடுங்கள். அறிவிக்கும் அன்று மாற்றினால் பழைய ரசிகர்கள் தங்கள் வீட்டை யாரோ பிடுங்கிக்கொண்டதாக உணர்வார்கள். பழைய விளையாட்டுக்கான அறையை மூடாமல் அப்படியே விட்டு, அங்கே நாட்பட்ட ரசிகர் ஒருவரையே பொறுப்பாளராக்குங்கள். புதிய விளையாட்டின் அறிவிப்புகளை அந்த அறையில் போடாதீர்கள்.